அதியன்னூரும் பட்டணமும்



மாநகரம் ஒன்றைக் கண்டு திரும்பியவர் கூறும் செய்திகள் பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைந்திருக்கும். வானளாவிய மாளிகையின் நிழலில் ஓலைக் குடிசை நிற்கிறது என்பர். விரைந்தோடும் மோட்டார் வண்டிகளுக்கிடையே பசு அசைபோட்டுப் படுத்திருக்கிறது என்பர். கோடி கோடியாகப் பணம் புரளும் தெருவின் ஓரத்திலே பசித்தவன் கையேந்துகிறான் என்பர். கல்கத்தாவைக் கண்டவரும், பம்பாயைக் கண்டவரும், சிங்கப்பூரைக் கண்டவரும் இவ்வாறே முரண்களை அடுக்குவது வழக்கம். அவை பொய்யல்ல. ஆயினும், அவை ஓய்வாக நின்று வேடிக்கை பார்ப்பவன் கண்ணுக்குப் புலப்படுபவை.

மாநகரத்திற்கு வருபவருள் மற்றொரு வகையினரும் உண்டு. ஊர் தமக்கு இடம் தராமையால் வருபவர் அவர். அவர்களுடைய கண்ணுக்கு நகரத்தின் முரண் வேறு விதமாகத் தெரிகிறது. ‘இந்நகரம் யாருக்கு அடைக்கலம் தருகிறது, யாரைத் துரத்துகிறது’ என்பதே அவர்கள் முதலில் காண்பது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இந்த இரண்டாம் பார்வை புதிதன்று. ஆகவே, அதியன்னூர் என்னும் சிற்றூரிலிருந்து சென்னைப் பட்டணத்தை அடைந்த ஒருவரின் வரலாற்றை முன்வைத்து இதனை ஆராய விரும்புகிறேன்.

அதியன்னூர் இன்று கேரள மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. திருவனந்தபுரத்தில் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நான், நாகர்கோவில் செல்லும்போதெல்லாம் அவ்வட்டாரத்தின் வழியாகவே செல்கிறேன். நெய்யாற்றின்கரை, பின்பு பாறசாலை, அதன்பின் களியக்காவிளை என்று ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டுதான் எல்லை கடந்ததை அறிய வேண்டும். தென்னையும் மரச்சீனியும் வாழையும் செம்மண்ணும் எல்லையை அறியமாட்டா. பேருந்தில் அமர்ந்திருப்போரில் பலர் இரு மொழியையும் ஒரே மூச்சில் பேசுவர். அவர்களுடைய தமிழில் மலையாளம் இழையும்; மலையாளத்தில் தமிழ் இழையும்.

நெய்யாற்றின்கரைக்கு அடைக்கலம் என்னும் சொல்லோடு நெடுநாளைய உறவு உண்டு. திருவிதாங்கூர் அரசை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மர், தம் இளமையில் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி ஓடித் திரிந்த நாளில், இவ்வூரில் ஒரு பிலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது மரபு. ‘அம்மச்சிப் பிலாவு’ என்று அழைக்கப்படும் அம்மரத்தின் எஞ்சிய பகுதி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. துரத்தப்பட்டவர் பின்னர் அரசரானார், 1729 முதல் 1758 வரை ஆண்டார், கோயிலும் எழுந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே வட்டாரத்தில் பிறந்த ஒருவரை அதே அரசமரபின் ஆட்சி நாட்டைவிட்டு வெளியேற்றியது. அவரே ‘சுவதேசாபிமானி’ கே. இராமகிருஷ்ண பிள்ளை.

இராமகிருஷ்ண பிள்ளை 1878-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் அதியன்னூரில் பிறந்தார். அவர் பிறந்த இல்லத்திற்குக் ‘கூடில்லா வீடு’ என்று பெயர். சென்னையில் ‘இந்து’ பத்திரிகை தோன்றியதும் அதே 1878-ஆம் ஆண்டில்தான். பத்திரிகையே வாழ்வாகக் கொண்டவருக்கு இது பொருத்தமான பிறந்த ஆண்டு எனலாம்.

அக்காலத்தில் அதியன்னூரிலிருந்து சென்னைக்குச் செல்வது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வது போன்றதன்று. ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்திற்குச் செல்வதாகும். திருவிதாங்கூர் தனிச் சமஸ்தானம். அதன் நாணயம் வேறு. நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அதன் தபால் வேறு. ‘அஞ்சல்’ என்னும் பெயரால் சமஸ்தானம் நடத்திய அத்தபால் 1951-இல்தான் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. அரசாங்கக் காகிதங்களில் கொல்லம் ஆண்டே வழங்கிற்று. எல்லையிலே சுங்கச் சாவடி இருந்தது. அந்த எல்லை இன்றுள்ள களியக்காவிளையும் அன்று. அதற்கு வெகு கிழக்கே, மலைக்கணவாயின் அருகே அமைந்த ஆரல்வாய்மொழி. நாஞ்சில் நாட்டுத் தமிழரும் நெய்யாற்றின்கரை மலையாளியரும் அன்று ஒரே மகாராஜாவின் குடிகள்.

புகைவண்டி வசதியும் அரிது. கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904-இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. தலைநகராகிய திருவனந்தபுரத்திற்கோ 1918-இல்தான் ரயில் வந்தது. தெற்கே வாழ்ந்தவர், மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலியை அடைந்து, அங்கிருந்து ரயிலேறிப் பட்டணம் செல்ல வேண்டும். ‘பட்டணம்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே ஆள்கிறேன். தென்பாண்டிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் பெயர் சொல்லாமல் ‘பட்டணம்’ என்று கூறினால் அது சென்னையையே குறித்தது. உலகில் பட்டணங்கள் பல இருக்க, ஒன்றற்கு மட்டும் அடைமொழி வேண்டாதிருந்தது.

திருவிதாங்கூரை இருண்ட நாடு என்று கருதிவிடலாகாது. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-லேயே ராணி பார்வதி பாய் ஆணை பிறப்பித்த நாடு அது. 1888-இல் சட்டசபையும், 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜாசபையும் கண்ட நாடு. ஆயினும், பேசுவதற்குச் சபை அமைத்த அந்த அரசு, பேசப்பட்ட எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவில்லை. படிக்கப் பள்ளி தந்த அந்நாடு, படித்தவர் எல்லோருக்கும் பதவி தரவுமில்லை. அதன் விளைவாக, இராமகிருஷ்ண பிள்ளைக்கு முன்னரே சிலர் பட்டணத்து வழியை மிதித்துவிட்டனர்.

அவருள் ஒருவர் ஜி. பரமேசுவரன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் மாணவராயிருந்தபோதே, திவான் இராமய்யங்காரின் ஆட்சியைக் குறைகூறிப் பத்திரிகைகளில் எழுதினார். அதனால் கல்லூரியிலிருந்து நீங்க நேர்ந்தது. அவர் சென்னை சென்று படித்தார். பின்னர், ‘மதராஸ் ஸ்டாண்டர்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியரானார். உயர்ந்த உத்தியோகங்கள் பரதேசத்தாருக்கே போகின்றன, நாட்டில் பிறந்தோர்க்குக் கிட்டவில்லை என்று முறையிட்டு 1891-இல் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மகாராஜாவிடம் அளித்த ‘மலையாளி மெமோரியல்’ விண்ணப்பத்தின் முன்னணியில் நின்றவர் அவரே. அவ்விண்ணப்பம் குறித்த பரதேசத்தாருள் தமிழ்ப் பிராமணர் பலர் இருந்தனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1896-இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரத்தை எடுத்துரைக்கச் சென்னைக்கு வந்தபோது, அவருக்குப் பெருந்துணை புரிந்தவர் பரமேசுவரன் பிள்ளை. இதனைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் நன்றியோடு குறித்துள்ளார். சொந்த ஊரில் ஒரு மாணவனின் குறும்பாகக் கருதப்பட்ட எழுத்து, பட்டணத்தில் ஒரு தேசத்தொண்டாக மலர்ந்தது.

மற்றொருவர் டாக்டர் பல்பு. திருவனந்தபுரத்தில் 1863-இல் ஈழவர் குலத்தில் பிறந்த அவருக்கு, தகுதி இருந்தும் திருவிதாங்கூரில் மருத்துவம் பயில இடம் கிட்டவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பட்டத்தோடு திரும்பியபோதும் சொந்தச் சமஸ்தானத்தில் வேலை இல்லை. மைசூர் அரசு அவரை ஏற்றது. பெங்களூரில் பிளேக் நோய் பரவிய கொடிய நாட்களில் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. 1896-இல் பதின்மூவாயிரத்திற்கு மேற்பட்ட ஈழவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை மகாராஜாவுக்கு அளித்ததும் அவரே. 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம், இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. 1903-இல் அங்கிருந்து வளர்ந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்திற்கு ஊன்றுகோலாக நின்றவருள் பல்பு முதன்மையானவர். ஊர் மறுத்த கல்வியை நகரத்தில் பெற்று, அதனை ஊருக்கே திருப்பித் தந்தார் அவர்.

இனி நம் அதியன்னூர்க்காரரிடம் வருவோம். வக்கம் அப்துல் காதர் மௌலவி என்னும் பெரியார், 1905-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘சுவதேசாபிமானி’ என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். அச்சகம் 1907-இல் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. அச்சகத்தின் உடைமையாளர் மௌலவி. ஆயினும், எழுதும் உரிமையை முழுமையாக ஆசிரியரிடம் விட்டுவிட்டார். முதலாளியும் பத்திராதிபரும் இவ்வாறு ஒருவரையொருவர் நம்பி நடத்திய பத்திரிகைகள் நம் நாட்டு வரலாற்றில் அதிகமில்லை. திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் நடத்தையையும், அதிகாரிகளின் கையூட்டையும், அரண்மனைச் சார்பினரின் செல்வாக்கையும் அப்பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. அதன் நடை மென்மையானது என்று கூற முடியாது. அடித்துச் சொல்வதே அதன் இயல்பு.

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், கொல்லம் 1086 கன்னி மாதத்தில், மூலம் திருநாள் மகாராஜாவின் அரசாணை வெளிவந்தது. பத்திரிகை ஒடுக்கப்பட்டது. அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைது செய்யப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. போலீசார் சூழ அவர் ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் கொண்டு விடப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரையை ஊடுருவியே செல்கிறது. தாம் பிறந்து வளர்ந்த மண்ணின் வழியாகவே ஒருவர் நாடு கடத்தப்படுவது என்ன துயரம் என்பதை அவ்வழியே செல்லும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

‘நாடு கடத்தல்’ என்னும் இச்சொல்லைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு குறிப்பு. இராமகிருஷ்ண பிள்ளை தம் வெளியேற்றத்தைக் குறித்து எழுதிய நூலுக்கு ‘என்டெ நாடுகடத்தல்’ என்று பெயரிட்டார். தமிழர் எவருக்கும் இதற்குப் பொருள் கூற வேண்டியதில்லை. இரு மொழியிலும் அச்சொல் ஒன்றே. மலையாளி “நாட்டுக்குப் போகிறேன்” என்று கூறினால் அவன் கருதுவது தன் ஊரை. ‘நாடு’ என்பது அவனுக்கு அரசியல் எல்லை மட்டுமன்று. தாய்வீடும் குளக்கரையும் கோயில் முற்றமும் சேர்ந்தது. அதிலிருந்து கடத்தப்பட்டவனுக்கு எவ்வளவு பெரிய நகரமும் ‘நாடு’ ஆவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து இராமகிருஷ்ண பிள்ளை சென்னைக்கு வந்து சிறிது காலம் தங்கினார். அன்றைய சென்னை எவ்வாறிருந்தது? 1911-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் மக்கள் தொகை 5,18,660. திருவனந்தபுரத்து மக்களோ அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டியவர். 1895 முதல் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. இந்தியாவிலேயே அவைதாம் முதலாவன. 1892-இல் எழுந்த உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் கடலில் வரும் கப்பல்களுக்கும் தெரிந்தன. அதன் உச்சியில் கலங்கரை விளக்கமும் எரிந்தது. 1896-இல் கன்னிமரா நூல் நிலையமும், 1900-இல் மூர் மார்க்கெட்டும், 1908-இல் எழும்பூர் ரயில் நிலையமும் திறக்கப்பட்டிருந்தன. தமிழும் தெலுங்கும் மலையாளமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலித்தன.

நகரத்திற்குள்ளேயே முரண் இல்லாமல் இல்லை. கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்த பகுதி ஒரு காலத்தில் வெள்ளையர் பட்டணம் என்றும், வெளியே இந்தியர் வாழ்ந்த பகுதி கறுப்பர் பட்டணம் என்றும் பெயர் பெற்றிருந்தன. பின்னதன் பெயர் 1906-இல்தான், வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி, ஜார்ஜ் டவுன் என்று மாற்றப்பட்டது. நிறத்தின் பெயரால் வகுக்கப்பட்ட நகரம் அது. ஆயினும், அதியன்னூரிலிருந்து வந்த ஒருவர் தம் திவானைப் பற்றி அங்கே அச்சமின்றி எழுதலாம். எந்த ஆணை அவரை எல்லைக்கு அப்பால் தள்ளியதோ அந்த ஆணை எல்லைக்கு இப்பால் செல்லாது. அங்கே அவர் ஐந்து இலட்சம் பேரில் ஒருவர். அவரைப் பின்தொடரத் திவானின் சேவகர் வரமாட்டார்.

இதுவரை கேட்ட நேயர்கள், “ஆகவே, சமஸ்தானம் சிறை, மாநகரம் சுதந்திர பூமி” என்ற முடிவுக்கு வரக்கூடும். அங்குதான் நாம் சற்று நிற்க வேண்டும். இராமகிருஷ்ண பிள்ளை வந்து சேர்ந்த அதே சென்னையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டு நீங்கியவர் யார்? சுப்பிரமணிய பாரதியார்.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1904-இல் சென்னை வந்து ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் பணியாற்றினார். 1906 முதல் ‘இந்தியா’ வார இதழை நடத்தினார். 1908-இல் அடக்குமுறை தொடங்கியது. தூத்துக்குடிக் கப்பல் முயற்சியின் தலைவர் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு அவ்வாண்டு கடுஞ்சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ‘இந்து’வைத் தோற்றுவித்தவருள் ஒருவரும் ‘சுதேசமித்திரன்’ நிறுவனருமாகிய ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். ‘இந்தியா’வின் பதிவு பெற்ற ஆசிரியர் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்தும் வெளிவந்த ‘இந்தியா’ 1910-இல் நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவினுள் அதனை நுழையவிடவில்லை. அதே 1910-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியப் பத்திரிகைச் சட்டம் பிறந்தது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரையில் ஈடு கட்டுமாறு அரசு கோரலாம். முன்பே உள்ள அச்சகமாயின் 5,000 ரூபாய் வரையிலும் கோரலாம். எழுதியது பிடிக்காவிடில் ஈட்டுத் தொகையைப் பறிக்கலாம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பாரதியாருக்கு வலையாக இருந்த சென்னை, இராமகிருஷ்ண பிள்ளைக்குக் கூடாக இருந்தது. ஒரே நகரம், ஒரே தெருக்கள், ஒரே காலம். திவானைக் கண்டிக்கும் மலையாளி அங்கே பாதுகாப்பாக உலவலாம். வைசிராயைக் கண்டிக்கும் தமிழன் உலவ முடியாது. புதுச்சேரியில் இது மீண்டும் புரண்டது. அங்கே பிரிட்டிஷ் அரசைச் சாடியவருக்கு இடம் இருந்தது. அந்தப் பிரெஞ்சு அரசோ வேறு நாடுகளில் தன் எதிரிகளை ஒடுக்கிக் கொண்டிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றப்பட்டவர் சென்னைக்கு வந்தார். சென்னையிலிருந்து தப்பியவர் புதுச்சேரிக்குச் சென்றார். சுதந்திரம் எந்த ஒரு நகரத்தின் மண்ணிலும் விளைந்ததன்று. ஓர் அரசின் கை எட்டாத இடத்திலே, மற்றோர் அரசு அக்கறை கொள்ளாத இடைவெளியிலே அது தங்கியிருந்தது. எல்லைதான் அவர்களைக் காத்ததே அன்றி நகரம் காக்கவில்லை.

இதற்குப் பின்வந்த வரலாறும் சான்று பகர்கிறது. 1922-இல் சமஸ்தான மன்னரைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை வைசிராய் கொண்டுவந்தார். மத்திய சட்டசபை அதனை ஏற்க மறுத்தது. தம் தனி அதிகாரத்தைக் கொண்டு வைசிராய் அதனை நிறைவேற்றினார். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கொண்டு சமஸ்தான மன்னர் மீது வெறுப்பை வளர்க்கும் எழுத்தை வெளியிடுவது அதன்பின் குற்றமாயிற்று. இராமகிருஷ்ண பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு, அவருக்குப் பின் வந்தோர்க்குப் பாதி சாத்தப்பட்டது. சென்னையின் டிராம்களும் கடற்கரையும் நூல் நிலையமும் அப்படியேதான் இருந்தன. அடைக்கலம் மட்டும் சுருங்கியது.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. பாரதியார் 1918-இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தபோது கடலூரில் கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் தென்காசிக்கு அருகே கடையத்தில் சில காலம் வாழ்ந்தார். அந்நாட்களில் அவர் திருவனந்தபுரம் சென்று மிருகக்காட்சிசாலையைக் கண்டதை அவர் குடும்பத்தார் நினைவு கூர்ந்துள்ளனர். சென்னை துரத்திய கவிஞர் திருவனந்தபுரத்தின் வீதிகளில் மகிழ்வோடு உலவினார். அதே திருவனந்தபுரம் துரத்திய அதியன்னூர்க்காரர் அதற்குள் உலகை நீத்துவிட்டார்.

ஆம், பட்டணம் இராமகிருஷ்ண பிள்ளைக்குப் பாதுகாப்பைத் தந்தது, வீட்டைத் தரவில்லை. அவர் அங்கே நிலைத்துவிடவில்லை. மலையாள மொழி வழங்கும் மலபாருக்குச் சென்றார். பாலக்காட்டில் தரவத்து அம்மாளு அம்மா என்னும் எழுத்தாளர் அவருக்குப் புகலிடம் அளித்தார். சென்னையும் மலபாரும் ஒரே மாகாணத்தில் அடங்கியவை. ஆகவே, அங்கும் திவானின் கை எட்டவில்லை. அலைந்து திரிந்த அந்நாட்களிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பத்திரிகைத் தொழிலை விளக்கும் ‘விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்’ என்னும் நூலும், மலையாளத்தில் கார்ல் மார்க்சின் முதல் வாழ்க்கை வரலாறும் 1912-இல் அவர் எழுதி வெளிவந்தன. பறிமுதலான அச்சகத்தைப் போல் எழுதும் கையைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

அவருடைய மனைவியார் பி. கல்யாணி அம்மாவும் கற்றறிந்த எழுத்தாளர். ‘சாரதா’ என்னும் மகளிர் இதழை நடத்தியவருள் ஒருவர். ஆசிரியப் பணி அவரைக் கண்ணூருக்கு அழைத்தது. குடும்பமும் உடன் சென்றது. அங்கே 1916-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் இராமகிருஷ்ண பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 37. நாடு கடத்தப்பட்டு ஐந்தரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அதியன்னூரை அவர் மீண்டும் காணவே இல்லை. 1904 முதல் 1916 வரை தாம் அவரோடு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளைக் கல்யாணி அம்மா நினைவு நூலாக எழுதினார். அதற்கு ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்று பெயர். வியாழன் வான்மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரும் காலம் பன்னிரண்டு ஆண்டு. அந்தக் கோள் தன் இடத்திற்குத் திரும்பியது. அவர் கணவர் திரும்பவில்லை.

இதனை எழுதும்போது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாகப் பணியேற்க டில்லி சென்றேன். வாடகை அறை தேடிய இடத்தில் வீட்டுக்காரர் முன்பணம் எவ்வளவு தருவாய் என்று கேட்டார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் இவ்விரண்டையும் கேட்காமல் ஒருவர் தண்ணீர் கூடத் தரமாட்டார். பகலெல்லாம் அது எனக்கு விடுதலையாகத் தோன்றிற்று. இரவில், விளக்கை அணைத்துப் படுத்தபோது, என்னை யார் மகன் என்று கேட்க இங்கே எவருமில்லையே என்று அதுவே துயரமாயிற்று. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. என்னைத் துரத்தியவர் எவருமில்லை. நினைத்தால் ரயிலேறி ஊர் திரும்பலாம். திரும்பும் வழி அடைபட்டவர்க்கு அந்த இரவு எத்தனை நீண்டிருக்கும்!

காலம் எல்லைகளை மாற்றியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆரல்வாய்மொழி எல்லை என்ற தகுதியை இழந்தது. களியக்காவிளை அத்தகுதியைப் பெற்றது. சமஸ்தானத்தின் உட்பகுதியாயிருந்த அதியன்னூர் வட்டாரம் இப்போது எல்லை நாடு. அங்கே தமிழ் பேசுவோர் மலையாள மாநிலத்திலும், அப்பால் மலையாளம் பேசுவோர் தமிழ் மாநிலத்திலும் வாழ்கின்றனர். யாரும் அவர்களை நாடு கடத்தவில்லை, கோடுதான் நகர்ந்தது. நின்ற இடத்திலேயே நின்று அயல் மாநிலத்தாரானவர் அவர்.

நாடு கடத்தியவரை அவருடைய தலைநகரமும் பின்னர் ஏற்றுக் கொண்டது. 1957-இல், குடியரசுத் தலைவர் டாக்டர் இராஜேந்திர பிரசாத், திருவனந்தபுரம் பாளையத்தில் ‘சுவதேசாபிமானி’யின் சிலையைத் திறந்து வைத்தார். அரசாணையால் துரத்தப்பட்டவர் அரசு மரியாதையோடு திரும்பி வந்தார். ஆனால் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, சிலையாக வந்தார்.

இன்று ஆரல்வாய்மொழியில் சுங்கம் இல்லை. களியக்காவிளையில் பேருந்து நின்றாலும் எவரும் பெயர் கேட்பதில்லை. சக்கரமும் பணமும் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதியன்னூர் இளைஞர் ஒருவர் காலையில் நெய்யாற்றின்கரை நிலையத்தில் ரயிலேறினால், சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ தடையின்றிச் செல்லலாம். அரசியல் சட்டம் இந்நாட்டில் எங்கும் செல்லவும் எங்கும் வாழவும் நமக்கு உரிமை தந்துள்ளது. முன்னர் எல்லைகளின் இடைவெளியில் ஒளிந்திருந்த அடைக்கலம் இன்று உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. இது சிறிய பேறன்று. எனினும் எழுதப்பட்ட உரிமைக்கு உயிர் தருவது, வாயிலில் வந்து நிற்கும் அயலூரானை நாம் நடத்தும் முறைதான். ‘வந்தேறி’ என்னும் சொல்லைக் கேட்டு மனம் புண்பட்ட நாம், நம் ஊருக்கு வேலை தேடி வரும் வடநாட்டுத் தொழிலாளியை என்ன சொல்லால் அழைக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.

சென்ற மாதம் நெய்யாற்றின்கரையில் இறங்கி அம்மச்சிப் பிலாவைப் பார்த்து வந்தேன். அதன் பொந்தினுள் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கலாம். அதற்கு மேல் இடமில்லை. அன்று அது போதுமானதாயிருந்தது. கோயிலுக்கு வந்த சிறுவன் ஒருவன் தன் தந்தையிடம், “ராஜா எதுக்கப்பா ஒளிஞ்சாரு?” என்று எங்கள் எல்லைத் தமிழில் கேட்டான். “வெரட்டினாங்க மோனே, அதான்” என்றார் அவர். சிறுவன் பொந்தினுள் கையை நீட்டி ஆழம் பார்த்தான்.